சம்பளம் நிற்பதற்கு முன்பே

(பென்னலூரில் ஒரு கல்லூரியில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



2014 நவம்பர் 1ஆம் தேதி, இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில் உற்பத்தி நின்றது. 2006இல் தொடங்கிய ஆலை அது. உலகின் மிகப் பெரிய கைபேசி ஆலைகளில் ஒன்றாகப் பேசப்பட்டது. 2013இல் வருமான வரித் துறையோடு எழுந்த வழக்கில் அதன் சொத்துகள் முடக்கப்பட்டன. 2014 ஏப்ரலில் நோக்கியாவின் கைபேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கிக்கொண்டபோது, அந்த விற்பனையில் இந்த ஆலை சேராமல் விடுபட்டது. ஆயிரக்கணக்கானோர் விருப்ப ஓய்வுத் தொகையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். பெரும்பாலோர் இருபதுகளில் இருந்தவர்கள். அவர்களில் பெண்கள் ஏராளம். வரி வழக்கிலும் நிறுவன விற்பனையிலும் அவர்களுடைய குற்றம் என்று எதுவும் கிடையாது.

அந்தக் காலத்தில் நான் வங்கியில் சிறுதொழில் கடன் பிரிவில் வேலை பார்த்தேன். வேலை இழந்து தொழில் தொடங்க வருபவர்களின் விண்ணப்பங்கள் என் மேசைக்கு வரும். கூடவே ப்ராஜெக்ட் ரிப்போர்ட் ஒன்று இருக்கும். ஜெராக்ஸ் கடையில் தட்டச்சு செய்தது, பெயரும் தொகையும் மட்டும் மாறியிருக்கும். முதலாண்டு லாபம், இரண்டாமாண்டு லாபம், மூன்றாமாண்டு லாபம் என்று எல்லா ரிப்போர்ட்டிலும் ஏறுமுகம்தான். எதிரில் உட்கார்ந்திருப்பவரிடம், “இதுவரை எதையாவது யாருக்காவது விற்றிருக்கிறீர்களா?” என்று கேட்பேன். அநேகமாக இல்லை என்றுதான் பதில் வரும். ஐந்தாறு ஆண்டுகள் கன்வேயர் முன்னால் நின்று, ஒரு நொடி பிசகாமல் வேலை செய்த கை அது. தரம் என்றால் என்ன, 5எஸ் என்றால் என்ன, கைசன் என்றால் என்ன என்று எனக்கே வகுப்பெடுக்கக் கூடியவர்கள். ஒரு பொருளை வாடிக்கையாளரிடம் நீட்டி, அவர் வேண்டாம் என்று சொல்வதைக் கேட்ட அனுபவம் மட்டும் அவர்களுக்கு வாய்க்கவில்லை. அந்த அனுபவத்தின் முதல் நாளை, கையிலிருந்த மொத்தப் பணத்தையும் வைத்துத் தொடங்கினார்கள்.

இன்று நான் சொல்ல வந்தது இதுதான்: தொழில் செய்யக் கற்றுக்கொள்ளும் காலம், சம்பளம் வந்துகொண்டிருக்கும் காலம். சம்பளம் நின்ற பிறகு கற்றுக்கொள்வதும் உண்டு. ஆனால் அப்போது ஒவ்வொரு தவறும் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தைத் தொடுகிறது.

அப்படிக் கற்றுக்கொள்ள ஏற்ற இடம் இது. இந்தத் தொழிற்பகுதியை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் முதல் சாண்ட்ரோவை வெளியே அனுப்பியது. ஒரகடத்தில் ரெனோ–நிசான் 2010இலும், டைம்லர் 2012இலும், ராயல் என்ஃபீல்டு 2013இலும் உற்பத்தியைத் தொடங்கின. நோக்கியா வளாகத்தையே பின்னர் சால்காம்ப் எடுத்துக்கொண்டது. வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காக 18,720 பேர் தங்கும் விடுதியை 2024 ஆகஸ்டில் திறந்திருக்கிறார்கள். ஓர் ஊரையே ஒரு வளாகத்துக்குள் வைத்தது மாதிரி. இவ்வளவு பேருக்கு மாதாமாதம் கையில் பணம் வருகிற இடம் தமிழ்நாட்டில் அதிகம் கிடையாது. வாங்குபவரும் இங்கே இருக்கிறார், விற்கக் கற்க வேண்டியவரும் இங்கேயே இருக்கிறார். பல சமயம் இருவரும் ஒரே கம்பெனி பஸ்ஸில் வருகிறார்கள்.

ஆனாலும் இங்கே தொழில்முனைவு என்று பேச்செடுத்தால் உடனே கோடிகளைப் பற்றியும் முதலீட்டாளர்களைப் பற்றியும் பேசத் தொடங்கிவிடுகிறோம். அந்தப் பேச்சை இன்று நான் தொடப் போவதில்லை. சைடு பிசினஸ் என்று நீங்கள் சொல்கிறீர்களே, அந்தச் சின்னப் பக்கத் தொழிலைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அதைக் கொஞ்சம் மரியாதையோடு பேச வேண்டும் என்பது என் ஆசை.

பேட்ரிசியா நாராயண் பெயரை உங்களில் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2010இல் ஃபிக்கி அமைப்பின் பெண் தொழில்முனைவோர் விருது பெற்றவர். அவரைப் பற்றி எழுதுபவர்கள் எல்லாம் மெரினாவில் தள்ளுவண்டி போட்டதிலிருந்து ஆரம்பிப்பார்கள். 1982இல், முதல் நாளில் ஒரே ஒரு காபி, 50 பைசாவுக்கு விற்றது. மறுநாள் நூற்றுக்கணக்கான ரூபாய்க்கு விற்பனை. கேட்க நன்றாக இருக்கும் கதை. எனக்கு அந்தத் தள்ளுவண்டிக்கு முந்தைய பகுதிதான் முக்கியமாகப் படுகிறது. மண வாழ்க்கை சிதைந்து, குழந்தைகளோடு பெற்றோர் வீட்டுக்குத் திரும்பிய இளம்பெண் அவர். ஊறுகாய், ஜாம், ஸ்குவாஷ் என்று வீட்டிலேயே செய்தார். அவருடைய தாயார் அரசு ஊழியர். செய்தவற்றைத் தாயாரின் அலுவலகத்துக்கு எடுத்துப் போனார். விற்றது. விற்ற பணத்தை அடுத்த சுற்றுக்குப் போட்டார்.

அந்தச் சிறு வியாபாரத்தில் என்னென்ன நடக்கிறது பாருங்கள். கடை வாடகை கிடையாது. வாங்குபவர்கள் அம்மாவுக்குத் தெரிந்தவர்கள், ஆகவே பணம் வராமல் போகாது. முதல் முறை தெரிந்த முகத்துக்காக வாங்கினாலும், பிடிக்காத ஊறுகாயை ஒருவர் இரண்டாம் முறை வாங்க மாட்டார். அந்த இரண்டாம் முறைதான் தேர்வு. எந்தப் பொருள் தங்குகிறது, எது உடனே போகிறது, எந்தத் தேதிக்கு மேல் அலுவலகத்தில் யாரிடமும் காசு இருக்காது என்பதெல்லாம் விற்பவருக்குத் தானாகவே தெரிந்துவிடும். அதன் பிறகுதான் கடற்கரையில் வண்டி போட அனுமதி கேட்டு அலைந்தார். ஓராண்டு அலைந்தார். மாற்றுத் திறனாளிகள் இருவரை வேலைக்கு வைத்துக்கொண்டு, டீயும் காபியும் போட அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். வண்டியோடு நிற்காமல் அலுவலக கேன்டீன்களை எடுத்து நடத்தினார். பிறகு எழுநூறு பேர் சாப்பிடும் ஒரு பயிற்சி நிறுவனத்தின் கேன்டீன் கைக்கு வந்தது. ஒவ்வொரு படியிலும் அடுத்த படிக்குத் தேவையானதைக் கற்றிருந்தார். எழுநூறு பேருக்குச் சமைக்கும் பொறுப்பை முதல் நாளிலேயே அவரிடம் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை உங்கள் ஊகத்துக்கு விடுகிறேன்.

பெங்களூரில் பி.சி. முஸ்தஃபா செய்தது இன்னொரு விதம். வயநாட்டுக்காரர், பொறியாளர். வெளிநாட்டு வேலையை விட்டு வந்து இந்திய மேலாண்மைக் கழகத்தில் படிக்கச் சேர்ந்தவர். அவருடைய உறவினர்களுக்குப் பெங்களூரில் மளிகைக் கடை இருந்தது. அந்தக் கடையில் இட்லி மாவு பிளாஸ்டிக் பையில் ரப்பர் பேண்ட் போட்டு விற்கப்படுவதையும், வாங்கியவர்கள் குறை சொல்லிக்கொண்டே இருப்பதையும் கவனித்தார்கள். 2005இல், 50 சதுர அடி இடத்தில் கிரைண்டர் போட்டார்கள். 50,000 ரூபாய் முதல். நாளுக்குப் பத்துப் பாக்கெட். நூறு பாக்கெட்டைத் தொட ஒன்பது மாதம் ஆயிற்று. மாவு அரைப்பதும் கடைக்குக் கடை கொண்டு போவதும் உறவினர்கள் பொறுப்பு. முஸ்தஃபா படிப்பை 2007இல் முடித்த பிறகே முழு நேரமாக அந்தத் தொழிலுக்கு வந்தார். ஐடி ஃப்ரெஷ் என்ற பெயரில் இன்று நம் கடைகளிலும் அந்த மாவு இருக்கிறது. ஒன்பது மாதத்தில் நூறு பாக்கெட் என்ற வேகத்தைத் தாங்க முடிந்ததற்குக் காரணம், குடும்பத்தின் அடுப்பு அந்தப் பாக்கெட்டுகளை நம்பி எரியவில்லை. கடையின் வருமானம் பின்னால் இருந்தது.

இது நமக்குப் புதிதும் இல்லை. செட்டிநாட்டிலிருந்து பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போன நகரத்தார் நிறுவனங்களில் ஒரு பிள்ளை பெட்டியடிப் பையனாகத்தான் சேருவான். கூட்டிப் பெருக்குவான், கணக்கு எழுதுவான், வசூலுக்குப் போவான். முகவராக உயர்ந்தால் மூன்றாண்டுத் தவணை. சம்பளத்தில் ஒரு பகுதி முன்கூட்டியே வீட்டுக்குப் போய்விடும். மீதி அதே நிறுவனத்தில் வட்டிக்கு நிற்கும். அப்படிச் சேர்ந்த பணத்தையும் கற்ற வித்தையையும் கொண்டு பின்னாளில் தனியாகக் கடை வைத்தவர்கள் பலர். சிவகாசியிலும் அப்படித்தான். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா போய், தீப்பெட்டித் தொழிலைப் பக்கத்தில் இருந்து கற்றுக்கொண்டு திரும்பிய பிறகே ஊரில் தொடங்கினார்கள். அடுத்தவர் பட்டறையில் கற்றுக்கொண்டு சொந்தப் பட்டறை போடுவது தமிழ்நாட்டுத் தொழில் மரபு. இடையில் எங்கோ அதை மறந்து, தொழில்முனைவு என்றால் துணிச்சல், துணிச்சல் என்றால் வேலையை உதறுவது என்று நினைத்துக்கொண்டோம்.

ஆய்வாளர்களும் இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். ஜோசஃப் ராஃபி, ஜீ ஃபெங் என்ற இருவர் அமெரிக்கத் தரவுகளை வைத்து 2014இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வேலையில் இருந்தபடியே தொழிலைத் தொடங்கி, பிறகு முழு நேரத்துக்கு மாறியவர்களை ஒரு பக்கமும், ஒரே நாளில் வேலையை விட்டுவிட்டுக் குதித்தவர்களை மறுபக்கமும் வைத்து ஒப்பிட்டார்கள். முதல் வகையினரின் தொழில் மூடிப்போகும் அபாயம் மூன்றில் ஒரு பங்கு குறைவு. அவர்கள் சொல்லும் காரணங்களில் ஒன்று என் அனுபவத்தோடு அப்படியே பொருந்துகிறது. வேலையில் இருந்துகொண்டே நடத்தும்போது தனக்கு இது வருமா வராதா என்பது ஒருவருக்குத் தெரிந்துவிடுகிறது. வராது என்று தெரிந்தவர் சத்தமில்லாமல் விலகிவிடுகிறார். அப்படி விலகுவதில் எந்த அவமானமும் கிடையாது. சில ஆயிரம் ரூபாயில் அந்த உண்மையைத் தெரிந்துகொண்டவர், அதையே சில லட்சத்துக்குத் தெரிந்துகொண்டவரைவிடக் கெட்டிக்காரர்.

தொழில்முனைவைச் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. இந்தக் கேள்விக்கு விடை தேடி 1960களின் நடுவில் ஹார்வர்டு உளவியலாளர் டேவிட் மெக்லெலண்ட் நம் பக்கத்து மாநிலத்துக்கே வந்தார். காக்கிநாடாவின் சிறு வணிகர்களை ஹைதராபாத்துக்கு வரவழைத்துச் சில நாட்கள் பயிற்சி கொடுத்தார்கள். இலக்கு வைப்பது, தானாக முன்கை எடுப்பது, பிறரைக் குறை சொல்லாமல் அடுத்த அடியைத் திட்டமிடுவது, இவைதான் பாடம். பயிற்சி பெற்றவர்கள் அடுத்த ஆண்டுகளில் புது முதலீடு செய்வதிலும் ஆள் சேர்ப்பதிலும் மற்றவர்களை முந்தினார்கள் என்று 1969இல் வந்த அவருடைய நூல் சொல்கிறது. அரை நூற்றாண்டு கழித்து ஆப்பிரிக்காவின் டோகோ நாட்டில், லோமே நகரத்தில் 1,500 சிறுதொழில் உரிமையாளர்களை வைத்து இன்னும் கறாரான சோதனை நடந்தது. ஒரு பிரிவினருக்குக் கணக்கு, சந்தை, மேலாண்மை என்று வழக்கமான வணிக வகுப்பு. ஒரு பிரிவினருக்கு முன்கை எடுக்கும் பழக்கத்துக்கான பயிற்சி. மூன்றாவது பிரிவினருக்கு எதுவும் இல்லை. 2017இல் முடிவு வந்தது. முன்கைப் பயிற்சி பெற்றவர்களின் லாபம், எதுவும் பெறாதவர்களைவிட 30 விழுக்காடு கூடியிருந்தது. வழக்கமான வகுப்பில் 11 விழுக்காடு. அதுவும் புள்ளியியல்படி உறுதி சொல்ல முடியாத அளவு.

பேராசிரியர்கள் வருந்த வேண்டாம். வகுப்பே வீண் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. லோமேயில் பயிற்சிக்கு வந்தவர்கள் எல்லோரும் ஏற்கெனவே ஒரு தொழிலை நடத்திக்கொண்டிருந்தவர்கள். காலையில் கேட்டதை மாலையில் கடையில் செய்து பார்க்க அவர்களுக்கு இடம் இருந்தது. இங்கே நம் மாணவர்களுக்கு அந்தக் கடை இல்லை. நீச்சல் குளம் இல்லாத ஊரில் நீச்சல் பாடம் நடத்துவதைப் போன்ற நிலைமை. ஆகவே முதலில் கடை வரட்டும், எவ்வளவு சின்னதானாலும் சரி.

சின்னது என்றால் எவ்வளவு? கணக்குக்காக ஒரு டிபன் வியாபாரத்தை எடுத்துக்கொள்வோம். காலை ஷிப்டுக்கு பஸ் ஏறுபவர்களுக்கு எலுமிச்சைச் சாதம், பாக்கெட் 40 ரூபாய். அரிசி, எண்ணெய், வேர்க்கடலை, டப்பா எல்லாம் சேர்த்து ஒரு பாக்கெட்டுக்கு 22 ரூபாய் அடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முப்பது பாக்கெட் கட்டுகிறீர்கள். இருபத்துநான்கு விற்கிறது. விற்பனை 960 ரூபாய். செலவு 660. மீதி 300. கேஸுக்கும் பெட்ரோலுக்கும் 80 போனால் 220. நான்கு மணி நேர உழைப்புக்கு மணிக்கு 55 ரூபாய் விழுகிறது. போதாத குறைக்கு நான்கு பேர் “சம்பளம் வந்ததும் தர்றேன்க்கா” என்று சொல்லியிருப்பார்கள். அந்த 160 வராத வரையில் பையில் இருப்பது 60 ரூபாய்தான். மதியம் மிஞ்சிய ஆறு பாக்கெட்டை வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு முடித்திருப்பீர்கள், அதை யாரும் நஷ்டம் என்று எழுதவும் மாட்டார்கள்.

இப்போது ஒரே ஒரு மாற்றம். ஒரு வாரம் எழுதிவைத்த நோட்டைப் பார்த்துவிட்டு, முப்பதுக்குப் பதிலாக இருபத்தைந்து கட்டுகிறீர்கள். அதே இருபத்துநான்கு விற்கிறது. செலவு 550, கேஸ் பெட்ரோல் 80, மீதி 330. ஒரு பாக்கெட்கூடக் கூடுதலாக விற்காமல், விலையை ஏற்றாமல், விளம்பரம் செய்யாமல், 220 என்பது 330 ஆகிவிட்டது. மிஞ்சியதை எழுதிவைத்ததால் வந்த 110 ரூபாய் அது. எந்தக் கிழமையில் மிஞ்சுகிறது என்று பார்த்தால் அடுத்த பாடம் வரும். செவ்வாய், வெள்ளி, அமாவாசை, மாதக் கடைசி, கம்பெனி விடுமுறை என்று ஒவ்வொன்றும் நோட்டில் தன் தடத்தை விட்டுப் போயிருக்கும். நிர்வாகவியல் நூல்கள் தேவை முன்கணிப்பு, நடைமுறை மூலதனம், கடன் மேலாண்மை என்று பெரிய அத்தியாயங்களாக எழுதுவது எல்லாம் இந்த இருபத்தைந்து பாக்கெட்டுக்குள் இருக்கிறது.

கடன் சொல்லுபவர்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேச வேண்டும். நம் ஊரில் சிறு வியாபாரம் நொடிப்பதற்கு நான் அதிகமாகப் பார்த்த காரணம் இதுதான். வாங்குபவர் அறைத் தோழர், ஒரே லைனில் நிற்பவர், சொந்த ஊர்க்காரர். இல்லை என்று சொல்ல வாய் வராது. இதற்கு ஒரு வழி, முதல் நாளே எல்லோருக்கும் பொதுவாக ஒன்றைச் சொல்லிவிடுவது: மாதச் சந்தா முன்பணம் கட்டினால் ஒரு பாக்கெட் 37 ரூபாய், அன்றன்றைக்கு வாங்கினால் 40, கடன் கிடையாது. முகத்துக்கு முகம் மறுப்பதைவிட அட்டையில் எழுதி வைத்துவிடுவது உறவைக் காப்பாற்றும்.

மறுபுறம், நீங்களே கடன் வாங்கும் நிலை. கோயம்பேட்டில் காய், பழம் விற்பவர்கள் காலையில் தண்டல்காரரிடம் 1,000 ரூபாய் வாங்கி மாலையில் திருப்பிக் கொடுப்பதைப் பொருளியலாளர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். வட்டி நாளுக்கு ஏறக்குறைய 5 விழுக்காடு, அதாவது 50 ரூபாய். ஆண்டுக்கு இல்லை, நாளுக்கு. ஒருவர் தினம் 5 ரூபாயை எடுத்து வைத்து, மறுநாள் அந்த அளவு குறைவாகக் கடன் வாங்கி, அதனால் மிச்சமாகும் வட்டியையும் அதோடு சேர்த்துக்கொண்டே வந்தால், ஏறக்குறைய ஐம்பது நாளில் தண்டலே தேவைப்படாது. காகிதத்தில் போட்டுப் பாருங்கள், வரும். பிறகு ஏன் பலர் ஆண்டுக்கணக்கில் அதிலேயே சிக்கியிருக்கிறார்கள்? அந்த 5 ரூபாயை எடுத்து வைக்கும் பெட்டியும், வீட்டுக்கு மருந்து வாங்கும் பெட்டியும் ஒன்றாக இருப்பது ஒரு முக்கியக் காரணம் என்பேன். டொமினிகன் குடியரசில் ஒரு வங்கி தன் வாடிக்கையாளர்களில் சிலருக்கு முழுக் கணக்கியல் வகுப்பும், சிலருக்கு எளிய விதிகள் சிலவற்றை மட்டுமே கற்பிக்கும் வகுப்பும் நடத்தியது. வீட்டுப் பணம் ஓர் இழுப்பறை, கடைப் பணம் வேறோர் இழுப்பறை, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எடுத்தால் எழுதி வை என்பது போன்ற விதிகள். இந்த எளிய விதிகளைக் கற்றவர்களே பிற்பாடு கணக்கைச் சீராக வைத்திருந்தார்கள் என்று 2014இல் வெளியான ஆய்வு சொல்கிறது. உங்களுக்கு இழுப்பறைகூட வேண்டாம். வியாபாரத்துக்கென்று தனி வங்கிக் கணக்கு, அதற்கென்று தனி ஜிபே போதும். சம்பளக் கணக்கில் டிபன் காசு வந்து விழுந்தால் லாபமா நஷ்டமா என்று கடவுளுக்கும் தெரியாது.

இனிச் சில கசப்பான விஷயங்கள்.

பக்கத் தொழில் தொடங்கும் முன் உங்கள் நியமன ஆணையை ஒருமுறை முழுதாகப் படியுங்கள். பல நிறுவனங்கள் வேறு வேலை பார்ப்பதைத் தடுக்கும் விதியை அதில் வைத்திருக்கும். ஒரே நாளில் இரண்டு தொழிற்சாலைகளில் வேலை செய்வதை 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே தடுத்தது. 2022இல் விப்ரோ, இன்னொரு நிறுவனத்துக்கும் வேலை பார்த்ததாக 300 பேரை நீக்கியது நினைவிருக்கும். வீட்டிலிருந்து மனைவியோ தம்பியோ நடத்தும் டிபன் கடை வேறு, நீங்கள் வேலை செய்யும் நிறுவனத்தின் வரைபடத்தை வைத்து ஜிக்ஸ், ஃபிக்ஸ்சர் செய்து விற்பது வேறு. இங்கே பொறியாளர்கள் பலருக்கு வாய்ப்புத் தெரியும் இடம் தங்கள் நிறுவனத்தின் கொள்முதல் பிரிவுதான். அந்தப் பக்கம் போகாதீர்கள். கற்ற திறமை உங்களுடையது, வரைபடம் அவர்களுடையது. சொந்த நிறுவனத்துக்கே பினாமி பெயரில் விற்பவரைத் தொழில்முனைவோர் என்று நான் ஒருநாளும் அழைக்க மாட்டேன்.

ஷிப்ட் இன்னொரு தடை. இந்த வாரம் ஏ ஷிப்ட், அடுத்த வாரம் பி, அதற்கடுத்து இரவு என்று சுழலும் உடம்பை வைத்துக்கொண்டு தினமும் ஒரே நேரத்தில் கடை திறக்க முடியாது. தூக்கத்தை எடுத்துத் தொழிலுக்குக் கொடுத்தவர் இயந்திரத்தின் முன்னால் நிற்கிறார் என்பதை மறக்கக் கூடாது. விரலை இழந்தால் எந்த வியாபாரமும் அதை ஈடு செய்யாது. அதனால் ஷிப்ட் மாறினாலும் கெடாத தொழிலாகப் பாருங்கள். ஞாயிறு மட்டும் நடப்பது, எதிர் ஷிப்டில் இருக்கும் இரண்டு பேர் சேர்ந்து நடத்துவது, வீட்டில் இருப்பவர் பெயரிலும் பொறுப்பிலும் நடப்பது. வீட்டில் இருப்பவர் என்றால் உழைப்பு முழுக்க மனைவியுடையதாகவும் பெயரும் பணமும் கணவருடையதாகவும் இருப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதையும் இந்த மேடையிலேயே சொல்லிவிடுகிறேன்: உழைப்பவர் பெயரில் கணக்குத் தொடங்குங்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று. பக்கத் தொழிலைக் காட்டி எவரும் தொழிலாளியின் வாயை அடைக்கக் கூடாது. காண்ட்ராக்டில் வைத்து, குறைந்த சம்பளம் கொடுத்து, “மீதி நேரத்தில் ஏதாவது வியாபாரம் பண்ணிக்கொள்ளலாமே” என்று சொல்வது அறமாகாது. தமிழ்நாட்டில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பு எழுந்ததும் சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. அது நிலைத்திருந்தால் இன்று நான் பேசும் எதுவும் நடக்கச் சாத்தியமில்லை. எட்டு மணி நேர வேலையும், வயிறு நிறையும் சம்பளமும் இருந்தால்தான் ஒருவர் மாலையில் எதையாவது கற்றுக்கொள்ள முடியும். 2021 டிசம்பரில், விடுதி உணவு சாப்பிட்டுத் தோழிகள் நோயுற்றதால் பெண் தொழிலாளர்கள் இதே சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்தார்கள். நல்ல சோறு வேண்டும் என்று சாலையில் உட்கார்ந்து கேட்ட ஊர் இது. டிபன் வியாபாரத்தை எடுத்துக்காட்டாக நான் எடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். விடுதிகளுக்கு உணவு தரும் பெரிய ஒப்பந்தங்களில் ஒரு சிறு பகுதியையாவது உள்ளூர்ப் பெண்களின் சுய உதவிக் குழுக்களுக்கு ஒதுக்க முடியாதா என்று நிறுவனங்களைக் கேட்கிறேன்.

அரசுத் திட்டங்களைப் பற்றிக் கேட்பீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். காஞ்சிபுரம் மாவட்டத் தொழில் மையத்தில் புதிய தொழில்முனைவோருக்கான நீட்ஸ் திட்டம் உண்டு, பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம் உண்டு. பின்னதில் உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் வரையும் சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரையும் திட்ட மதிப்பு இருக்கலாம், ஒரு பகுதி மானியம். கிண்டியில் தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனம் பயிற்சிகள் நடத்துகிறது. சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. சிறிய உணவுத் தொழிலுக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவுக் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். அதை முதல் நாளே செய்துவிடுங்கள், அடுத்தவர் வயிறு சம்பந்தப்பட்ட விஷயம். மானியத்தை மட்டும் கடைசியில் தேடுங்கள். கடன் பிரிவில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஓராண்டு விற்பனை எழுதிய கசங்கிய நோட்டோடு வருபவருக்கு மேலாளர் நாற்காலியை இழுத்துப் போடுவார். ஜெராக்ஸ் கடை ரிப்போர்ட்டுக்கு அந்த மரியாதை கிடைக்காது.

இந்தக் கல்லூரியிடம் ஒரு கோரிக்கை வைத்து முடிக்கிறேன். ஞாயிறு காலை இரண்டு வகுப்பறைகளைத் திறந்து விடுங்கள். ஏதாவது ஒன்றை விற்கத் தொடங்கியிருக்கும் தொழிலாளர்கள் மட்டும் வரட்டும், விற்கப் போகிறேன் என்பவர்கள் முதலில் விற்றுவிட்டு வரட்டும். பாடத்திட்டம் வேண்டாம், சான்றிதழும் வேண்டாம். அவரவர் நோட்டைக் கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு தொழிலாளியோடும் ஒரு மாணவர் அல்லது மாணவி உட்கார்ந்து அந்த வாரக் கணக்கைக் கூட்டிப் பார்க்க வேண்டும். மிஞ்சியது எவ்வளவு, வராத பாக்கி எவ்வளவு, அடுத்த வாரம் எதை மாற்றப் போகிறோம் என்று ஒரே ஒரு முடிவு எழுதிக்கொண்டு எழ வேண்டும். மாணவர்களுக்கு நான் முன்பு சொன்ன அந்தக் கடை இதனால் கிடைத்துவிடும். விடுதியில் இருக்கும் பெண்கள் வரத் தடை இருந்தால், இந்த வகுப்பை விடுதியின் பொது அறைக்குக் கொண்டு போகலாம். அதற்கான அனுமதிக் கடிதத்தைக் கல்லூரியே எழுதலாம். அறக்கட்டளை நிர்வாகிகள் இசைந்தால், இன்று எனக்குத் தந்த மதிப்பூதியத்தை முதல் தொகுதி நோட்டுகளும் பேனாக்களும் வாங்க வைத்துக்கொள்ளலாம். பின்வரிசையில் இருக்கும் தொழிலாளர் தோழர்களில் யார் யாருக்கு எந்த ஞாயிறு ஷிப்ட் இல்லை என்பதை, கலைந்து போகும் முன் வாசலில் ஒரு தாளில் எழுதிவிட்டுப் போனால், வகுப்பை எந்த வாரம் தொடங்குவது என்று முதல்வர் இன்றே சொல்லிவிட முடியும்.